சித்தி போனில் ஓடுமா?

என் சித்தி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். சுற்றுவட்டாரத்தில் 300 வீடுகள். யாருக்கு அரை கிலோ, யாருக்கு ஒரு கிலோ, யார் இந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். அந்த நோட்டு மழையில் நனைந்த அன்றுதான் ஆப் பேச்சே வந்தது.

வாடிக்கையாளர்களிடம் இரண்டு வகை போனும் இருக்கிறதே! விசாரித்தால், ஆண்ட்ராய்டுக்கு ஒரு தொகை, ஐபோனுக்கு இன்னொரு தொகை என்றார்கள். சித்தி கை வளையலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன், ''ரெண்டு எதுக்கும்மா? ஒண்ணா எழுதிடறேன்'' என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆண்ட்ராய்டு ஆப்களை வழக்கமாக கோட்லின் அல்லது ஜாவாவில் எழுதுவார்கள், ஐபோனுக்கு ஸ்விஃப்ட். ஒன்றுக்கு எழுதியது அடுத்ததில் அப்படியே ஓடாது. ஆனால், பிரவுசர்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு போனிலுமே உண்டு. (ஜாவாவுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்!) அதை வைத்தே ஆப் செய்தால் என்ன?

முதலில் வந்த வழி, வெப்சைட் பக்கத்தையே ஆப் என்ற டப்பாவுக்குள் அடைப்பது. போன்கேப், கார்டோவா எல்லாம் இந்த ரகம். ஃபேஸ்புக்கின் ஐபோன் ஆப்பும் பெரும்பாலும் வெப் பக்கங்களாகத்தான் இருந்தது. மெதுவாக நகர்கிறது என்று பயனாளர்கள் சலித்துக்கொள்ள, 2012 ஆகஸ்டில் ஐபோனுக்கென்றே புதிதாக எழுதினார்கள். எச்.டி.எம்.எல்.5-ஐ அதிகம் நம்பியது பெரிய தவறு என்று அடுத்த மாதமே மார்க் ஸக்கர்பெர்க் மேடையில் ஒப்புக்கொண்டார்.

2015-ல் அதே ஃபேஸ்புக் வெளியிட்டதுதான் ரியாக்ட் நேட்டிவ். இதில் வெப் பக்கம் கிடையாது. 'இங்கே ஒரு பட்டன் வை' என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும். போன் தன் சொந்தப் பட்டனை வைக்கும். தம்பி இதைத்தான் எடுத்துக்கொண்டான். கூடவே எக்ஸ்போ. லேப்டாப்பில் தெரியும் க்யூ.ஆர். கோடை போனில் ஸ்கேன் செய்தால் போதும், எழுத எழுத ஆப் போனில் மாறிக்கொண்டே வரும்.

அவன் போனில் வெண்ணெய்போல ஓடியது. நோட்டை மூடி வைத்துவிட்டு, சித்தி தன் ஐந்து வருடப் பழைய போனில் ஆர்டர்களை ஏற்றினார். மூன்றாம் நாள் காலை, லிஸ்ட் பாதியில் நின்றுவிட்டது. பிறந்தநாள் வைத்திருந்த ஒரு வீட்டுக்கு மாவு போகவில்லை. அவர்கள் இன்னும் சித்தியிடம் சரியாகப் பேசுவதில்லை.

''போன் பழசும்மா'' என்றான் தம்பி. போன் பழசுதான், ஆனால் தப்பு அவனுடையது. 300 வீடுகளையும் படத்தோடு 'ஸ்க்ரோல்வியூ'வில் போட்டிருந்தான். அது, உட்கார ஆள் வருவதற்கு முன்பே மண்டபம் முழுக்க இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. மொத்தத்தையும் ஒரேயடியாகத் தயார் செய்யும். 'ஃப்ளாட்லிஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. அது திரையில் தெரிகிற பந்திக்கும், அதையொட்டிய பந்திக்கும் மட்டும் இலை போடும். மாற்றியதும் அதே போனில் லிஸ்ட் ஓடியது.

2018-ல் ஏர்பிஎன்பி நிறுவனம் ரியாக்ட் நேட்டிவை விட்டு, பழையபடி தனித்தனியாக எழுதப்போவதாக அறிவித்தது. அவர்களுக்குக் கட்டுப்படியாகும். சித்திக்கு ஆகாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி முயல்கிறார்களா? எக்ஸ்போவின் 'ஸ்நாக்'கில், எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே எழுதிப் பார்க்கலாம். எழுதியதை வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில் முதலில் ஓட்டச் சொல்லுங்கள்.

கோடிங் ஒன்றுதான் என்றாலும் வாசல் இரண்டு. ஆப்பிளுக்கு வருடாவருடம் 99 டாலர் கட்ட வேண்டும். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தி சொல்லிவிட்டார். கூகுள் பிளே ஸ்டோருக்கு ஒரே ஒருமுறை 25 டாலர். ஆனால் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்கு தொடங்கினால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும்.

சித்தி 11 பேரைப் பிடித்துவிட்டார். 12-வது ஆளாக அந்தப் பிறந்தநாள் வீட்டைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.