கடலுக்குக் காவலன் யார்?

உப்புக் காற்று தொடாத பூமி நம்முடையது. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கே காவிரி. இடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் அலையோசைக்கு இடமில்லை. ஆயினும் கடல் தெய்வம் இங்கேயும் வந்து சேர்ந்தது. அதுவும் அரசாங்கச் சுற்றறிக்கையின் தோளேறி வந்தது!

2019-ஆம் ஆண்டுக் கோடையில் தமிழகம் வறண்டு தவித்தது. மழை வேண்டி வருண ஜெபமும் யாகமும் நடத்துமாறு இந்து சமய அறநிலையத்துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நந்தி சிலையைச் சுற்றித் தொட்டி கட்டி, அதன் கழுத்தளவுக்கு நீர் நிரப்பும் சடங்கும் அதில் உண்டு. காலிக் குடத்தோடு தெருவிலே மக்கள்; கழுத்தளவு நீரிலே கல் நந்தி!

யார் இந்த வருணன்? அவனுடைய மேனாட்டுப் பங்காளிகளைப் பார்த்தால் அவன் பிறப்பும் விளங்கும்.

கிரேக்கரின் கடல் தெய்வம் போசைடன். கையிலே மூவிலைச் சூலம். கடலைக் கலக்குபவனும் அவனே, நிலத்தை உலுக்குபவனும் அவனே. கிரேக்கமோ கடல் சூழ்ந்த நாடு. நிலநடுக்கம் அடிக்கடி காணும் நாடு. அச்சம் இரண்டு; அதற்குப் பிறந்த ஆண்டவன் ஒருவன்!

உரோமரின் கடல் தெய்வம் நெப்டியூன். அவன் தொடக்கத்தில் ஊற்றுக்கும் ஓடைக்கும் உரியவனாக இருந்தவன் என்பர் ஆய்ந்தோர். அவனுக்குரிய விழா ஜூலை 23. நீர் வற்றிக் காயும் கடுங்கோடை. உரோமர் கிரேக்கரோடு பழகினர், கப்பல் கட்டினர், கடலாண்டனர். உடனே போசைடனின் சூலமும் குதிரையும் கதையும் நெப்டியூனுக்கு மாற்றப்பட்டன. ஊற்றுச்சாமி கடலரசன் ஆனான். கடவுள் கடலைப் படைத்தானா, கப்பற்படை கடவுளைப் படைத்ததா? வரலாற்றைக் கேளுங்கள், அது விடை சொல்லும்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக வகுக்கிறது தொல்காப்பியம். பட்டினப்பாலை காட்டும் பரதவரோ சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டவர்கள். நாள்தோறும் கண்டு நடுங்கிய மீனின் கொம்பு அது. உழைப்பவனின் அச்சம் அதில் நேராகத் தெரிகிறது. வருணனோ வேதத்தில் வானத்துக்கும் ஒழுங்குக்கும் உரியவனாக இருந்து, பின்னாளில் கடலுக்கு மாற்றலாகி வந்தவன். பரதவரின் கொம்பு பின்னுக்குப் போயிற்று. வருணனின் பெயர் ஏட்டில் நிலைத்தது. அங்கே நெப்டியூனுக்கு நடந்தது, இங்கே நெய்தலுக்கு நடந்தது.

சரி, இந்தக் கடலரசர்களின் ஆற்றல்தான் எத்தகையது? இராமன் வில்லை வளைத்ததும் நடுங்கி வந்து வழிவிட்டவன் வருணன் என்கிறது இராமாயணம். வயிற்றுவலியால் துடித்தவன், அந்த வலியைச் சிவன் தீர்ப்பானா என்று சோதிக்க மதுரை மீது கடலையே ஏவினான் என்கிறது திருவிளையாடற் புராணம். வலி அவனுக்கு, வெள்ளம் மதுரை மக்களுக்கு! இதுவா காவல்?

உரோமிலே ஒக்டேவியன், தன் கப்பல்கள் புயலில் அழிந்த சினத்தில், நெப்டியூன் சிலையை விழா ஊர்வலத்திலிருந்து நீக்கினான் என்று சுவெட்டோனியஸ் எழுதினார். ஒதுக்கப்பட்ட கடவுள் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. கி.மு. 36-இல் ஒக்டேவியன் கடற்போரில் வென்றான். வெற்றியைத் தந்தது அக்ரிப்பா கட்டிப் பயிற்றிய கப்பற்படை.

கிரேக்கத்தின் ஹெலிக்கே நகரம் போசைடனுக்குப் புகழ்பெற்ற கோயில் வைத்திருந்தது. கி.மு. 373-இல் ஓரிரவு நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது, ஊர் மூழ்கியது, கோயிலும் மூழ்கியது. கடவுளின் சினம் என்றனர் பக்தர்கள். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கி.மு. 426-இல் எழுந்த பேரலையைப் பற்றித் தூசிடைடீஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவிட்டார்: அதன் காரணம் நிலநடுக்கமே என்று. கோயில்கள் நிறைந்த நாட்டில், கடவுள் பெயரை இழுக்காமல் காரணத்தைத் தேடினாரே, அந்தத் துணிவைத்தான் நாம் பகுத்தறிவு என்கிறோம்.

தோழர்களே! இது பழங்கதை அன்று. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே அலை நம் கரையைத் தொட்டது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அவற்றில் 6,000-க்கு மேல் நாகை மாவட்டத்தில். இரண்டு மணி நேரம்! குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். சொல்வதற்கு ஆளில்லை, இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை நிலையம் இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் அது அமைந்தது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா மீண்டும் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் விலகினர். பேரலை வரவில்லை; வந்திருந்தாலும் மக்கள் உறக்கத்தில் சிக்கியிருக்க மாட்டார்கள். வருணன் ஒரு நாளும் தராத அறிவிப்பைக் கருவி தந்தது.

மழைக்கு வருவோம். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழுமட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அரபிக்கடலின் ஈரக்காற்று மேற்கு மலையில் மோதிக் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையே அதன் உயிர். நமக்கு இவ்வளவு நீர் என்று வரையறுத்தது எந்தத் தேவலோகம்? 2018 பிப்ரவரியில் 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம். ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்தி வேலூர் வயல்களுக்கு நீர் கொண்டு செல்லும் இராஜவாய்க்காலை வெட்டியது மந்திரமா, மண்வெட்டியா?

யாகம் நடந்த 2019-இலேயே மேட்டூர் நிரம்பியதே என்பர். நன்று! அந்த ஆகஸ்டு மழையில்தான் வயநாட்டுப் புத்துமலையில் மலை சரிந்து மக்கள் மண்ணில் புதைந்தனர். அணை நிறைந்தது யாகத்தின் பலன் என்றால், அந்தச் சாவுகள் யார் கணக்கில்? பெருமையை மட்டும் எழுதிக்கொண்டு பழியைத் தள்ளிவிடும் கணக்கை எந்தக் கடைக்காரனும் ஒப்பமாட்டான்.

காலையில் கரும்பலகையில் நீராவி முகிலாகி மழையாவதை நாம் வரைந்து காட்டுகிறோம். மாலையில் கோயில் வாசலில் அரசின் பெயரால் வருண ஜெபத்தை மாணவன் காண்கிறான். இரண்டில் எதை அவன் நம்புவான்? பாடநூலை அச்சிடும் கையே யாகத்துக்கு ஓலை அனுப்பலாமா?

போசைடன் இன்று கல்லாகிக் காட்சிச்சாலையில் நிற்கிறான். கிரேக்க மீனவர் பட்டினியில் மாளவில்லை. நெப்டியூன் தொழுவாரற்றுப் போனான். இத்தாலியின் ஊற்றுகள் வற்றவில்லை. வருணனுக்கும் ஓய்வு கொடுப்போம். ஏரியைத் தூர் வாருவோம், வாய்க்காலைக் காப்போம், மீனவனுக்குப் புயல்செய்தி நேரத்தில் சேரப் போராடுவோம். கடலுக்குக் காவலன் வேண்டாம். கரையில் வாழும் மனிதனுக்குத்தான் காவல் வேண்டும். அந்தக் காவலின் பெயர் அறிவு.