எந்த விமானம்?

“இந்த வயசுல பொம்மை ஒட்டிக்கிட்டு இருக்கியே” என்று கேலி செய்கிறார்கள் இலக்கிய நண்பர்கள். ஒட்டத்தான் செய்கிறேன். பழைய வேக்குவம் ஃபார்ம் கிட்டில் இருப்பது, சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி எடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. வெட்டித் தேய்த்து, இல்லாத பாகங்களைப் பழைய படங்கள் பார்த்து நாமே செய்யணும்.

1942 ஜனவரி 26. ஜொகூரின் எண்டாவில் இறங்கிய ஜப்பானியர்களைத் தாக்க பிரிட்டன் பட்டப்பகலில் அனுப்பியது, 1928இல் முதன்முதலாகப் பறந்த வில்டபீஸ்ட். இரட்டை இறக்கை, திறந்த இருக்கை. ஏறக்குறைய பாதி திரும்பவில்லை.

நம் சப்பான் கால நாவல்களிலோ வெறுமனே ‘விமானம் உறுமியது’. எந்த விமானம்? யாருடையது? தோட்டத்து ஜனங்கள் நம்பியிருந்த சாம்ராஜ்யத்தின் லட்சணம் அந்த ஒரு பெயரிலேயே இருக்கிறது. தாத்தாக்களின் கதைக்குக் கண்ணீர் மட்டும் போதாது. கொஞ்சம் உப்புத்தாளும் வேணும்.