பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

கம்மாபுரம் வட்டாரத்துத் தாய்மார்களே, பாட்டிமார்களே, அப்பாமார்களே,

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பக்கம் அடைமழை. உடைந்த குடிநீர்க் குழாயில் தெருத்தண்ணீர் கலந்தால் முதலில் படுப்பது கைக்குழந்தைகள்தான். பேதி கண்டதும் "வயிறு காயட்டும்" என்று பாலையும் சோற்றையும் நிறுத்திவிடுகிறோம். உச்சிக்குழி பள்ளமானால் "தோஷம்" என்று மந்திரிக்கத் தூக்கிப் போகிறோம். அந்தப் பள்ளம், பிள்ளையின் உடம்பில் தண்ணீர் வற்றியதற்கு அடையாளம். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை. ஆனால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல் வாய்க்குள் போகட்டும்.

1971இல் வங்காள எல்லையில் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது. அந்த வழியில் வந்த மருந்துதான் இந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

கலக்குவதில்தான் தவறுகிறோம். டம்ளரில் கொஞ்சம் தூளைத் தட்டிவிட்டு மீதியை மடித்து வைக்கிறோம். அளவு தவறினால் உப்பு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். பெரிய பொட்டலம் முழுவதையும் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும், 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கால் முதல் அரை டம்ளர். பெரிய பிள்ளைக்கு அரை முதல் ஒரு டம்ளர். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். சோறு உண்ணும் பிள்ளைக்குக் குழைந்த சோறு, இட்லி கொடுக்கலாம். செவிலியர் தரும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் முடியக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமை, கண் குழிதல், தூங்கி வழிதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இதில் ஒன்று கண்டாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் கரைசல் கொடுங்கள். குடிக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் வாயில் ஊற்றாதீர்கள்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் இலவசம்; தவறவிடாதீர்கள்.

மழைக்கு முன் வீட்டுக்கு இரண்டு பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். நள்ளிரவில் பிள்ளை அழும்போது தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கம்மாபுரம் பெற்றோர்கள்