சிபாரிசில் வந்த பையன்

ஆபீசில் புதுசாகச் சேர்ந்தவனைப் பார்த்து, 'சிபாரிசுல வந்தவன் சார்' என்று முணுமுணுப்போமே, அந்த ரகத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஒருவர் உண்டு. மைக் பியாஸா, அமெரிக்க பேஸ்பால்காரர்.

அங்கே தொழில்முறை டீம்கள் வருஷா வருஷம் காலேஜ், ஹைஸ்கூல் பையன்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும். 'டிராஃப்ட்' என்று பெயர். 1988-ல் பியாஸாவின் முறை வந்தது 62-வது ரவுண்டில். அவருக்கு முன்னால் 1,389 பேர்! மயாமி பல்கலைக்கழகத்தில் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, ஒரு ஜூனியர் காலேஜுக்கு மாறி ஆடிக்கொண்டிருந்தார். அந்த 1,390-வது இடமும் சிபாரிசுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா, அப்பாவுக்குப் பழைய சிநேகிதர்.

நியாயமாகப் பார்த்தால் பையன் அதன் பிறகு சொகுசாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரத்தான் வைத்தார்கள், குத்துக்காலிட்டு! முதல் பேஸில் நின்று ஆடியவரைக் கேட்சர் ஆக்கினார்கள். கேட்சர் என்றால் நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால், பேட்ஸ்மேனுக்கு ஒட்டினாற்போல் குந்திக்கொண்டு, மணிக்கு 90 மைலில் வரும் பந்தை மணிக்கணக்கில் வாங்க வேண்டும். முட்டி கழன்றுவிடும். அதைப் பழக டொமினிகன் குடியரசில் இருந்த டீமின் முகாமுக்குப் போனார். சுற்றிலும் ஸ்பானிஷ் பேசும் பையன்கள். லசோர்டா பேரைச் சொன்னால் பந்து மெதுவாக வருமா என்ன?

1993-ல், முதல் முழு சீசனிலேயே 35 ஹோம் ரன் (நம்ம சிக்ஸருக்கு அண்ணன்). சிறந்த புதுமுகம் விருது. ரிடையராகும்போது மொத்தம் 427. அதில் 396 கேட்சராக ஆடி அடித்தவை. இன்றுவரை அதுதான் ரிக்கார்டு. 2016-ல் பேஸ்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம். டிராஃப்டில் இவ்வளவு பின்னால் வந்து அங்கே நுழைந்தவர் வேறு யாருமில்லை.

சிபாரிசு என்றாலே எனக்கு அலர்ஜி. பியாஸாவுக்காக அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்றால், வேறொரு விஷயம் உறுத்துகிறது. 1,390-வது ஆளிடம் இத்தனை சரக்கு இருந்தது யாருக்கும் தெரியவில்லையே, அப்படியென்றால் சிபாரிசுக்கு ஆளில்லாமல் வீட்டுக்குப் போனவர்களிடமெல்லாம் என்னென்ன இருந்ததோ? 2021-லிருந்து டிராஃப்டே மொத்தம் 20 ரவுண்டுதான். 62-வது ரவுண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்களை யாராவது வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தினால் உடனே மனசு விட்டுவிடாதீர்கள். நிறுத்தினவரின் கண்ணாடி பவர் என்ன என்று முதலில் விசாரியுங்கள்!