எதற்கு அந்த வேலி?

வங்கியில் என் மேசைக்கு வரும் வீட்டுக்கடன் கோப்புகளில் நீச்சல்குளப் படம் போட்ட அடுக்குமாடி விளம்பரங்கள் பெருத்துவிட்டன. குளத்தைச் சுற்றி நாலடி வேலி வேணும், கதவு தானாகச் சாத்திக்கணும், ஆழத்தை எழுதி வைக்கணும், காவலுக்கு ஆள் நிற்கணும். எல்லாம் சரி. யார் வீட்டுப் பிள்ளையானாலும் உயிர் உயிர்தான்.

ஆனால் தோழர்களே, தண்ணீரிடமிருந்து பிள்ளையைக் காக்கும் வேலி ஒன்று. பிள்ளையிடமிருந்து தண்ணீரைக் 'காக்கும்' வேலி இன்னொன்று. அமெரிக்காவின் ஜாக்சன் நகரம் கறுப்பர்களையும் சேர்த்துக் குளிக்க விடுவதைவிட மேல் என்று குளங்களையே மூடியது. 1971இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை அனுமதித்தது. பழக இடமின்றிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் அந்நாட்டு நீச்சல்குளங்களில் வெள்ளைப் பிள்ளைகளைவிட அதிக விகிதத்தில் மூழ்குகிறார்கள்.

எங்க ஊர்க் கிணற்றில் எங்களை இறங்க விட்டதில்லை. கல்குவாரிக் குட்டையில்தான் நீச்சல் பழகினோம். பழகுமுன்னே செத்தவர்களும் உண்டு. திறந்த குவாரியின் விளிம்பில் வேலி கட்டாயம் என்று 1961லேயே சுரங்க ஒழுங்குவிதி சொல்லிவிட்டது. அந்த வேலியை எங்க சேரியில் யார் பார்த்தது?

குவாரிக்கு வேலி போடு. சேரிப் பிள்ளைக்குக் குளத்தைத் திற, நீச்சல் சொல்லிக்கொடு. பிறகு பேசலாம் பாதுகாப்பு.