சினையாட்டின் முதல் மூன்று மாதங்கள்

ஆட்டின் வயிறு புடைத்துத் தோன்றிய பின்னரே அதற்குத் தவிடும் பிண்ணாக்கும் வைப்பது கமக்காரர் பலரின் வழக்கம். இது சிக்கனம் என எண்ணப்படுகின்றது; உண்மையில் நட்டத்துக்கே வழியாகும்.

ஆடு சினை சுமப்பது ஏறக்குறைய 150 நாட்கள். குட்டி தன் நிறையின் பெரும்பகுதியைக் கடைசி ஏழெட்டு வாரங்களிலேயே பெறுகின்றது என்பது மெய்யே. ஆயின் அக்குட்டிக்குப் போசணையும் பிராணவாயுவும் கொண்டுசெல்லும் சூல்வித்தகம், அதாவது ஈன்றபின் விழும் இளங்கொடி, அதற்கு முன்னரே பெரும்பாலும் வளர்ந்துவிடுகின்றது. இளங்கொடியிற் காணப்படும் பொத்தான் போன்ற முடிச்சுக்கள் தாயின் கருப்பைச் சுவரோடு பொருந்தியிருந்த இடங்களாகும். தாயின் குருதியிலிருந்து உணவு குட்டியைச் சேர்வது அவற்றின் வழியாகவே. மெலிந்த தாய் இக்காலத்திற் பட்டினி கிடப்பின் அவை நன்கு வளரா. பின்னர் தீனியை வாரியிட்டாலும் குட்டிக்குச் சேர்வது குறைவே. கொழுத்த ஆடு சில வாரக் குறையைத் தாங்கிக்கொள்ளும். இரட்டைக் குட்டியாயின் இடர் பெரிது.

வடபகுதியில் ஆனியிற் கிடாய் சேர்ந்த ஆட்டுக்கு இம்மூன்று மாதங்களும் சோழகக் காற்று வீசும் வறட்சியில் அமைகின்றன. ஐப்பசி மழையிற் புல் தளிர்க்கும்போது இளங்கொடியின் வளர்ச்சிக் காலம் கடந்துவிடும். ஆகவே தரவையில் மேயவிட்டதோடு அமையாது, ஆடி ஆவணியிலேயே பூவரசு, கிளுவை, முருங்கைக் குழைகளை வெட்டிக் கொடுத்தலும், மாலையில் ஒரு பிடி எள்ளுப்பிண்ணாக்கு வைத்தலும் வேண்டும். வேலிக் குழைக்குக் காசு கொடுப்பாரில்லை.

இதனைச் செய்தோர் பின்மாதத் தீனியைக் குறைத்தலும் ஆகாது. கடைசி வாரங்களில் தீனி போதாதாயின், இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு நோயுற்று விழுவதுண்டு.