நாலு கல்தூண்

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு நண்பர். புகையிலை வியாபாரம்; பேகம்பூரில் வீடு. பழைய முஸ்லிம் கட்டிடங்கள் என்றால் அவருக்கு அப்படி ஒரு மோகம். சென்ற மார்கழியில் குடும்பத்தோடு காரிலேயே வடக்கே கிளம்பி, பீஜப்பூர், தௌலதாபாத், டில்லி, ஆக்ரா என்று பதினெட்டு நாள் சுற்றிவிட்டு வந்தார். பீஜப்பூரில் கோல்கும்பஸ் மாடத்தில் நின்று பேத்தி 'தாத்தா' என்று கூப்பிட்டதையும், அந்தக் குரல் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்ததையும் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

மூன்றாவது தடவை கேட்டேன்: "உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய பள்ளிவாசலை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?"

"நம்ம பக்கம் என்னங்க இருக்கு? நாலு கல்தூண்!" என்றார்.

அவர் மேல் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பத்து வருஷம் அந்தப் பள்ளிவாசலைத் தாண்டி பஸ்ஸில் போனவன் நான். தோல் ஷாப்பு நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வேனே தவிர, தலையைத் திருப்பினதில்லை. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் இங்கேயே காலமாகி, இந்தப் பள்ளிவாசல் வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். பேகம்பூர் என்ற பேர் அவரால் வந்தது. ஒரு பேகத்தின் கல்லறையைப் பார்க்க ஆக்ராவரை போகிறோம். இங்கே ஓர் ஊருக்குப் பேரையே கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறவரை, பஸ் ஸ்டாப்பாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம்.

குற்றம் எங்கே என்று யோசித்தால் நம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் போய் நிற்கிறது. வெங்காயம் போலக் குவிமாடம், மூலைக்கு ஒரு மினார், முன்னால் நீர்த்தொட்டி. இந்தப் படத்தில் அடங்காதது முஸ்லிம் கட்டிடமே இல்லை என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் புத்தியைத் தொலைக்க ஒரு பகல் பிரயாணம் போதும். திண்டுக்கல்லில் விடிகாலை பஸ் ஏறி, மதுரை, ராமநாதபுரம் என்று மாறி மாறிக் கீழக்கரையில் இறங்கினேன். வள்ளல் சீதக்காதியின் ஊர். அங்கே பழைய ஜும்மா பள்ளிவாசலின் வாசலில் நின்றபோது, பாண்டிநாட்டுக் கோயில் மண்டபம் ஒன்றுக்குள் நுழைகிறோமோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம். கருங்கல் தூண், தூண் தலையில் போதிகை, போதிகையில் தொங்கும் மொட்டு, மேலே கல் பாவிய தட்டைக் கூரை. நின்று பார்த்தால்தான் வித்தியாசம் புரிகிறது. யாளி இல்லை, தேவதை இல்லை, ஒரு கிளிகூட இல்லை. பூவும் கொடியும் கோலம் போன்ற கட்டங்களும் மட்டும். இது எங்கிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்த தூண் அல்ல; உருவம் கூடாது என்று தெரிந்து, பள்ளிவாசலுக்கென்றே செதுக்கின தூண். செதுக்கின உளி நம்முடைய உளி. பள்ளி என்ற வார்த்தைகூட ஒரு காலத்தில் சமணரும் பௌத்தரும் புழங்கியதுதானே!

கடற்கரை ஊர்களில் மட்டுமல்ல. மதுரை கோரிப்பாளையம் தர்காவில், பள்ளிவாசலுக்கு விட்ட ஊர்களைப் பற்றி வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, வருஷம் 1573. நாகூரில் 131 அடி உயர மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாபசிங். இதையெல்லாம் ஊர் ஊராக அளந்து, வரைபடம் போட்டு, 2003-ல் பெரிய புத்தகமாக வெளியிட்டவர் நம் ஊர்க்காரர் அல்ல, மெஹர்தாத் ஷொகூஹி. வெட்கமாக இருக்கிறது.

இது வெறும் உல்லாசப் பிரயாண விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் (பேர் வேண்டாம்) பழைய கல் பள்ளிவாசலை இடித்துவிட்டு, சிமெண்டில் மாடமும் மினாருமாக எழுப்பியிருக்கிறார்கள். ஜனம் பெருகிவிட்டது, இடம் போதவில்லை, நியாயந்தான். பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் கட்டியிருக்கலாமே? தூண்கள் ரோட்டோரம் கிடந்தன. ஒன்று டீக்கடைக்கு பெஞ்சு. அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "பழசு கோயில் மாதிரி இருக்குங்கிறாங்க தம்பி. பள்ளிவாசல்னா பள்ளிவாசல் மாதிரி இருக்க வேணாமா?"

பேகம்பூர் நண்பரும் இந்தப் பெரியவரும் ஒரே படத்தைத்தான் மனசில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் அதைத் தேடி ஆக்ராவுக்குப் போகிறார். இன்னொருவர் ஊரில் அதைக் கொண்டுவந்து நிறுத்த, இருந்ததை இடிக்கச் சம்மதிக்கிறார். இதே தூணைப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் இது கோயிலாகத்தான் இருந்திருக்கும்' என்று கச்சை கட்டுகிறவர் மூன்றாமவர். அவரிடந்தான் எனக்குப் பயம். மற்ற இருவரும் கல்லைத்தான் தொலைத்தார்கள். கல் பழுதாவது பள்ளிவாசலில் மட்டும் என்றும் இல்லை. மணலை வீசிச் சுத்தம் செய்கிறோம் என்று கோயில் தூண்களின் முகத்தை உரித்ததும் நாம்தான்.

நண்பரிடம் இவ்வளவையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கீழக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டார்:

"அங்கே கூப்பிட்டா எதிரொலி கேக்குமாங்க?"